அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட பால் பம்ப்

மகன்,

எனக்குத் தடிமன் இல்லை. மூன்று கிழமையாக நீ போன் எடுக்கும்போதெல்லாம் தடிமன் இன்னும் விடவில்லை, குறைமாதப் பிள்ளைக்குத் தொற்றிவிடும், அதனால்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் நம்பினாய். நேற்றுக் கயல் எடுத்தாள். "மாமா, உங்க குரல் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வராம இருக்கீங்க? பாப்பா இப்ப கண்ணைத் தொறந்து பாக்குறா" என்று கேட்டாள். கலியாணம் கட்டி ஊரை விட்டுவந்து ஒரு வருசமும் ஆகாத பிள்ளை. அவளுக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இன்னொன்று. அம்மா உங்கள் அம்மருட் வீட்டில் வந்து நிற்பது சமைத்துத் தரவும் கயலைப் பார்த்துக்கொள்ளவும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதியை அவ உனக்குச் சொல்லமாட்டா. நான்தான் சொல்லவேண்டும். நேரில் சொல்லத் தொடங்கினால் இடையில் எனக்குச் சாதகமாகக் கதையை மாற்றிவிடுவேன் என்று எனக்கே பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக் கன்ரீனில் நீயும் நானும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கயல் மேலே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியாது, மூக்குக் குழாயால்தான் பால் போகிறது, அதனால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கயல் பாலை எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. வார்டில் இருந்தவரைக்கும் அங்கேயிருந்த பெரிய பம்ப்பில் எடுத்தாள். அவளை வீட்டுக்கு விட்ட பிறகு நீ இணையத்தில் வாங்கிக் கொடுத்த சின்னப் பம்ப். அதில் பால் வரவரக் குறைகிறது, வார்டில் இருப்பது மாதிரி ஒன்றை வாடகைக்கு எடுங்கள் என்று நேர்ஸ் சொல்லியிருந்தா. உன் வேலையிடத்து மருத்துவக் காப்புறுதியில் அதைப் பெறலாமா என்று நீ எழுதிக் கேட்டிருந்தாய். அன்றைக்குத்தான் மறுமொழி வந்திருந்தது. போனை என் பக்கம் தள்ளிவிட்டாய்.

"இல்லையாம் அப்பா. இது வைத்தியச் சாதனம் இல்லையாம்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை வாசித்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததென்றும் தானாகக் குடிக்க ஏலாதென்றும் டொக்டர் கடிதம் தந்தால் திரும்பவும் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். "இதைக் கயலுக்குச் சொன்னனீயே?" என்று கேட்டேன். நீ நெற்றியைத் தேய்த்தாய். "இல்லையெண்டு மட்டும் சொன்னனான். விடுங்கோ அப்பா, நான் களைச்சுப்போனன். இனி டொக்டரைப் பிடிச்சு, கடிதம் வாங்கி, திருப்பி அனுப்பி... சின்னப் பம்ப்பிலை வாறது வரட்டும். மிச்சத்துக்கு மாப்பால் இருக்குத்தானே." வாடகையை நான் தருகிறேன் என்றேன். காசில்லை அப்பா பிரச்சினை என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "நானும் மாப்பாலிலை வளந்தவன்தானே, எனக்கென்ன குறை?" என்றாய்.

உன்னில் நான் பிழை பிடிக்கவில்லை. இரவும் பகலும் வேலையும் ஆஸ்பத்திரியுமாக நீ ஓடியதை நான் கண்டேன். ஆனால் நீ அந்தச் சொல்லைச் சொன்னபோது நான் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டேன். நீ ஏன் மாப்பாலில் வளர்ந்தாய் என்பது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் அன்றுவரை தெரியாது.

நீயும் அவசரப்பட்டுத்தான் வந்தாய், ஏழு கிழமை முந்தி. அப்போது நாங்கள் திராமனில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தோம். நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருசம், அம்மா வந்து ஒரு வருசம்கூட இல்லை. எனக்கு இந்த நாட்டு மொழி, நோர்ஸ்க், ஓரளவு வரும், அம்மாவுக்கு "நன்றி"யும் "ஓம்"மும்தான். உன்னை ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அம்மாவை வீட்டுக்கு விட்டார்கள். ஒவ்வொரு நாளும் ரெயினில் போய்வந்தா. வார்டில் இருக்கும் பம்ப்பில் ஒருதரம் எடுப்பா. மற்ற நேரமெல்லாம் வீட்டில், அவித்துக் காயவைத்த கிண்ணத்தில், கையால். அதைச் சின்னப் போத்தலில் ஊற்றி, என் கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு பனிக்குள்ளால் ஸ்ரேசனுக்கு நடப்பா. ஒருநாள் ரெயினில் ஒரு பெண் அந்தக் காலுறையைக் காட்டி என்னவோ கேட்டாவாம். அம்மாவுக்கு விளங்கவில்லை. பைக்குள்ளே உன்னையே வைத்திருக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததாக எனக்குச் சொன்னா.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வார்டு நேர்ஸ் ஒருத்தி எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டுக் கனநேரம் கதைத்தா. அம்மா என் பக்கத்தில் நின்று அவவின் வாயையும் என் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. நேர்ஸ் என்னிடம் ஒரு படிவம் தந்தா. வீட்டுக்குப் பெரிய பம்ப் ஒன்று கட்டாயம் வேணும், டொக்டர் கையெழுத்து வைத்திருக்கிறார், காப்புறுதிக் கந்தோரில் கொடுத்தால் செலவை அவர்கள் ஏற்பார்கள் என்று விளங்கப்படுத்தினா. நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். திரும்பி வரும்போது அம்மா கேட்டா, "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. பதிவுக் கடதாசி."

அந்த நேரத்தில் அது பொய் என்று எனக்குப் படவில்லை. நடுவழியில் வைத்து ஏன் விளங்கப்படுத்துவான், நாளைக்குப் போய் அலுவலை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் கந்தோருக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தமிழ்ப் பெடியள் இரண்டு பேர், முந்தி என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள், வந்து நின்றார்கள். எனக்கு முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு என்ன சாதனம் என்று கேட்டா. சத்தமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டா. அந்தப் படிவத்திலேயே எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கவேண்டும். பின்னால் இரண்டு பேரும் காதைக் குடுத்துக்கொண்டு நிற்பது போல எனக்குப் பட்டது. பெண்சாதியின் மார்பைப் பற்றி ஒரு கந்தோரில் நின்று கதைப்பதா, அதுவும் இலவசமாக ஒன்று தா என்று கேட்டுக்கொண்டு. நாளைக்குத் திராமன் முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தேன். "பிழையான படிவம் கொண்டுவந்திட்டன்" என்று சொல்லி அதைத் திருப்பி வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் என்னைத் துரத்தவில்லை, ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. கோபப்படுவதற்காவது யாராவது இருந்திருந்தால் இத்தனை வருசமும் அவர்களில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூன்றாம் கிழமை அம்மாவுக்குப் பால் குறையத் தொடங்கியது. பால்சுறா கிடைக்குமா என்று ஆர் ஆரையோ விசாரித்தா. கிடைக்கவில்லை. உள்ளியை அவித்து அவித்துச் சாப்பிட்டா. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தபடி அரைமணித்தியாலமாய் மார்பை அமத்துவா, கிண்ணத்தின் அடி மூடும் அளவுக்குத்தான் வரும். "நான் என்ன பிழை விடுறன்? அந்த நேர்ஸிட்டை ஒருக்காக் கேளுங்கோவன்" என்றா. கேட்டேன் என்றேன். "அவ என்ன சொல்லுறா?" "சில பேருக்கு இப்பிடித்தானாம். மாப்பால் குடுக்கட்டாம்." இது முழுப்பொய். அந்த நேர்ஸைக் கண்டாலே நான் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன். அவ படிவத்தைப் பற்றிக் கேட்டுவிடுவா என்று பயம்.

நீ வீட்டுக்கு வரும்போது அம்மாவிடம் ஒரு சொட்டும் இல்லை. உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு போத்தலில் தந்தா. நீ நன்றாகக் குடித்தாய், நன்றாக வளர்ந்தாய். மாப்பாலில் ஒரு குற்றமும் இல்லை மகன், அதை நான் குறைசொல்ல வரவில்லை. எத்தனையோ பிள்ளைகள் அதில்தான் வளர்கின்றன. ஆனால் உன் அம்மா அதை அப்படி எடுக்கவில்லை. சின்ன வயதில் குளிர்காலம் வந்தால் உனக்கு மூச்சிழுக்கும், ஞாபகம் இருக்கும். அந்த நேரமெல்லாம் உன் நெஞ்சில் தைலம் பூசிக்கொண்டு, "நான் பால் குடுத்திருந்தால் இது வந்திராது" என்பா. ஒருமுறை மண்டபத்தில் யாரோ ஒரு பிள்ளையின் முதலாம் பிறந்தநாளில், பக்கத்தில் இருந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் பேச்சுவாக்கில் "அக்கா நீங்கள் எத்தினை மாசம் குடுத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டா. அம்மா எழும்பிக் குசினிக்குள் போய், அங்கே கிடந்த கறிச்சட்டி எல்லாவற்றையும் கழுவத் தொடங்கினா. சாப்பாட்டுக்கும் வரவில்லை. நான் அதைக் கண்டுகொண்டுதான் ஆம்பிளையளோடு அரசியல் கதைத்துக்கொண்டு இருந்தேன்.

உனக்கு நாலு வயது நடக்கும்போது தம்பி வேணும் என்று அழுவாய். பாலர் பாடசாலையில் எல்லாருக்கும் தம்பியோ தங்கச்சியோ இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பாய். எனக்கும் ஆசைதான். ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அவ உன் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தா. நிமிராமல் சொன்னா, "எனக்கு வேண்டாம். என்ர உடம்பு பிள்ளை வளர்க்கிற உடம்பில்லை. இன்னொண்டையும் பட்டினி போட ஏலாது." அந்த நிமிசத்தில் நான் சொல்லியிருக்கலாம். உம்மில் ஒரு குறையும் இல்லை, குறை என்னில் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நாலு வருசப் பொய்யை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. "உம்மட விருப்பம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். நீ தனிப்பிள்ளையாக வளர்ந்ததற்குக் காரணம் அதுதான். இது உனக்குக் கோபம் தரும் என்று தெரியும். தரட்டும்.

அன்றைக்கு உன்னோடு கன்ரீனில் இருந்துவிட்டு ரொம்மனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியவன் நித்திரை கொள்ளவில்லை. காலையில் எழும்பி, அம்மாவுக்குச் சொல்லாமல், அப்போதேக் மருந்துக்கடைக்குப் போனேன். அந்தப் பெரிய பம்ப்பை நானே வாடகைக்கு எடுத்துக் கயலின் கையில் கொடுத்துவிட்டால் என் கணக்கு முடிந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. மருந்துக்கடை வாசலில் நின்றபோதுதான், இதையும் நான் ஒருவருக்கும் சொல்லாமல் கொள்ளாமல்தானே செய்யப்போகிறேன் என்று பட்டது. உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா வேலைக்கு லீவு, மேசையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா. எதிரே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கந்தோர், பின்னால் நின்ற பெடியள், சட்டைப்பையில் இருந்த படிவம், பிறகு சொன்ன பொய்கள், நீ எனக்குக் காட்டிய கடிதத்தின் கடைசி வரி. அவ கத்தியை வைக்கவில்லை, வெட்டவும் இல்லை.

"அண்டைக்கு அந்த நேர்ஸ் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றா. "சுருக்கிச் சொல்லவேண்டாம். ஒரு சொல்லும் விடாமல்."

"தமிழிலயோ?"

"அவ எதிலை சொன்னவவோ அதிலை."

முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் வேலை செய்கிறவ. இப்போது என்னைவிட அவவின் நோர்ஸ்க் நல்லது. நான் ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்திச் சொன்னேன். எனக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை, அதுதான் வேதனை. பிள்ளைக்கு உறிஞ்சப் பழக இன்னும் ஐந்தாறு கிழமை எடுக்கும். அதுவரை பால் வற்றாமல் பார்க்கவேண்டும். கையால் எடுப்பது காணாது, அது தாயின் பிழை இல்லை. இந்தப் படிவத்தைக் கொடுத்தால் பம்ப் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த நேர்ஸ் அம்மாவின் தோளில் கையை வைத்து இன்னொன்றும் சொன்னா: உங்கள் மனைவி மிகவும் நன்றாகச் செய்கிறா, இவ்வளவு தூரத்திலிருந்து இப்படிப் பால் கொண்டுவரும் தாயை நான் கண்டதில்லை, இதை மறக்காமல் அவவுக்குச் சொல்லுங்கள் என்று.

"தோளிலை கை வைச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. நான் என்னவோ பிழை செய்திட்டன், அதுக்கு ஆறுதல் சொல்லுறா எண்டு நினைச்சன்" என்றா அம்மா. "இதையுமோ நீங்கள் சொல்லேல்லை?"

"ஓம்."

"படிவம் குடுக்க வெக்கம். சரி. இதைச் சொல்லுறதுக்குக் கந்தோருக்குப் போகத் தேவையில்லையே."

முப்பது வருசத்துக்கு மேலாக அதையும் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒன்றை மறைத்தால் அதோடு சேர்ந்த நல்லதையும் மறைக்கவேண்டி வருகிறது மகன். அந்த நல்ல வார்த்தையைச் சொல்லப்போனால் நேர்ஸ் எப்போது சொன்னா, ஏன் சொன்னா என்று கேள்வி வரும். அதனால் அதையும் விழுங்கினேன்.

அம்மா எழும்பிக் கையைக் கழுவி, கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டா. அப்போதேக்கில் பம்ப்பை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைக் கயல் எனக்குப் போனில் சொன்னாள். "அத்தை என் கையைப் புடிச்சுக்கிட்டு, அந்த லெட்டர்ல கடைசியா ஒரு வரி இருக்கும்மா, நீயே கேளு, யாரும் உனக்காகக் கேக்க வேண்டாம்னு சொன்னாங்க மாமா. நானே டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டேன். பத்து நிமிஷத்துல எழுதிக் குடுத்துட்டார்" என்றாள். காப்புறுதிக்காரரோடும் அவளே கதைத்தாளாம், இரண்டு தரம் மாற்றிமாற்றி விட்டார்களாம், விடவில்லையாம். போன கிழமை சம்மதித்து எழுதியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைக்குக் காணக்கூடியதாகப் பால் வருகிறது என்றும் சொன்னாள். அதைக் கேட்டபோது சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நிமிசம் என்று அவள் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை.

அன்று பின்னேரம் அம்மா அம்மருட்டுக்குப் போனவ இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்துச் சொல்லி அனுப்பு என்று நான் உன்னைக் கேட்கவில்லை. எனக்காக அவவோடு ஒன்றும் கதைக்கவும் வேண்டாம். நான் வரவேண்டாம் என்று அவ சொல்லவில்லை, வாங்கோ என்றும் சொல்லவில்லை. அவ அங்கே சமைத்து, கயலுக்குப் பக்கத்தில் இருந்து, பிள்ளைக்குப் போகும் பாலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்த இடத்தில் நான் வந்து நிற்பது சரியா என்று தெரியாமல்தான் தடிமன் என்று சொன்னேன்.

உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், சொல்லும் தகுதியும் அவ்வளவாக இல்லை. கயல் இந்த மொழியைப் படித்துவிடுவாள், அவள் கெட்டிக்காரி. அதுவரைக்கும் அவளுக்கு வரும் கடிதங்களை நீதான் வாசிக்கப்போகிறாய், டொக்டர் சொல்வதை நீதான் திருப்பிச் சொல்லப்போகிறாய். களைத்திருக்கும் நாளில் சுருக்கத் தோன்றும். அவளுக்கு நோகும் என்று சிலதை விடத் தோன்றும், உனக்கு வெட்கமாக இருக்கும் என்று சிலதை விடத் தோன்றும், இரண்டுக்கும் வித்தியாசம் அந்த நேரத்தில் தெரியாது. களைப்பென்றால் களைப்பென்று அவளிடம் சொல்லு. வெட்கமென்றால் அதையும் சொல்லு. அவளுடைய உடம்பைப் பற்றிய கதையை அவளுக்குத் தெரியாமல் நீ முடிக்காதே. இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு. மாமா இப்படிப்பட்டவர் என்று அவள் அறிந்துகொண்டு என்னோடு கதைக்கட்டும்.

அம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒருதரம் போன் எடுப்பா. பிரசர் குளிசை போட்டீங்களோ என்று கேட்பா. போட்டேன் என்பேன். வைத்துவிடுவா. நேற்று முன்தினம் அதைக் கேட்டுவிட்டு வைக்காமல் நின்றா. பின்னால் உங்கள் வீட்டுத் தண்ணிக் குழாய்ச் சத்தம் கேட்டது.

"அந்த நேர்ஸின்ர பேர் என்ன?" என்று கேட்டா.

நெஞ்சில் பெயர்த்தகடு குத்தியிருந்ததும், நரைக்கத் தொடங்கிய தலைமயிரும், பேசும்போது தலையைச் சற்றுச் சரிப்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தெரியாது என்றேன்.

"சரி" என்றுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டா.

அப்பா